சூரியனைப் பொறவு வாங்கிக்கிடலாம், மருமவனே

பெங்களூர் வேண்டாம்னு ஊரோட வந்து உக்காந்ததுல மாமனுக்குச் சந்தோசந்தான் மருமவனே. மடியில லேப்டாப்பு, காதுல மாட்டல், மேல இஸ்திரி போட்ட சட்டை, கீழ கைலி. கம்பேனிக்காரன் சட்டை வரைக்குந்தான பாக்கான், கைலியைப் பத்தி அவனுக்கு என்ன கவலை. எல்லாம் சரி. ஆனா முந்தாநாள் கரண்டு கணக்கெடுக்க வந்த பையன் மீட்டரை ரெண்டு தடவ குனிஞ்சு பாத்தான், பொறவு உம்ம மூஞ்சியை ஒரு தடவ நிமிந்து பாத்தான். அன்னைக்குச் சாயந்தரமே சோலார்க்காரனைக் கூட்டிக்கிட்டு மொட்டமாடி ஏறிட்டீரு. அஞ்சு கிலோவாட்டு பேனலாம், பேட்டரியாம், போதாக்கொறைக்கு மூலையில ஒரு குட்டிக் காத்தாடியாம். பூமியைக் காப்பாத்தக் கெளம்பிட்டான் எங்க அக்கா மவன்னு தெருவெல்லாம் சொல்லிட்டேன்.

சொல்லி முடிச்சு உம்ம ரூம் கதவைத் தொறந்தா, ஏசி 18ல ஓடுது. நீரு கம்பளியைப் போத்திக்கிட்டு மீட்டிங்ல இருக்கீரு. கயத்தாறு வெயில்ல கம்பளி போத்தின மொத ஆளு நீராத்தான் இருப்பீரு.

18ல வச்சா ரூம் சீக்கிரம் குளிரும்னு உமக்கு யாரு சொன்னா? அது பழைய மாடல் ஏசி, கம்ப்ரசருக்குத் தெரிஞ்சது ஒரே வேகம். நீரு 18ன்னு வச்சாலும் 24ன்னு வச்சாலும் அது ஓடுற ஓட்டம் அதேதான். 24ன்னா ஒரு எடத்துல நின்னு மூச்சு வாங்கும். 18ன்னா நிக்கவே நிக்காது, ஏன்னா மொட்டமாடி காய்ஞ்சு கெடக்குற வீட்டுல அந்த ரூம் 18க்கு வரப் போறதே இல்ல. ஒரு டிகிரி ஏத்தி வச்சா நூத்துக்கு ஆறு பங்கு கரண்டு மிச்சம்னு டெல்லியில எரிசக்தித் திறன் ஆபீஸ்காரங்க கணக்குப் போட்டுச் சொல்லியிருக்காங்க. 2020 சனவரியிலேருந்து விக்கிற ஏசியெல்லாம் பொத்தானை அமுக்குனதும் 24லதான் ஆரம்பிக்கணும்னு சட்டமே போட்டுட்டாங்க. உம்ம ஏசி அதுக்கு முன்னாலயே பொறந்தது. சட்டம் தெரியாது அதுக்கு. உமக்குமா?

மேல ஒட்டியிருக்க அஞ்சு நட்சத்திரத்தைக் காட்டாதீரும். அந்தத் தாள்ல வருசம் போட்டிருக்கும், கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பாரும். நட்சத்திரத்துக்கும் வயசாவும். 2022 சூலையில அளவுகோலை ஏத்துனப்ப நேத்து வரைக்கும் அஞ்சா இருந்த ஏசி மறுநாள் நாலாயிட்டு. உம்மது எந்தக் காலத்து அஞ்சுன்னு பாத்துட்டுப் பெருமை பேசலாம்.

பில்லைக் கொண்டாரும், பாப்போம். ரெண்டு மாசத்துக்கு 540 யூனிட்டு. இங்கதான் கூத்தே இருக்கு. தமிழ்நாட்டுல மொத 100 யூனிட்டு ஓசி, அது 2016லேருந்து. உமக்குந்தான், எனக்குந்தான், காரு வச்சிருக்க மச்சு வீட்டுக்காரனுக்குந்தான். ஆனா 500ன்னு ஒரு கோடு கிழிச்சு வச்சிருக்கான். 2022 செப்டம்பர்ல ரேட்டை மாத்தினப்ப, 500க்குள்ள நின்னவனுக்கு ரெண்டாவது நூறு யூனிட்டு ரெண்டேகால் ரூவா. 501ஆ ஆயிட்டா அதே ரெண்டாவது நூறுக்கு நாலரை ரூவா. அந்த ஒத்த யூனிட்டு தனியா வரல, பின்னாலயே 225 ரூவாயைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்துச்சு. பொறவு ரேட்டு ஏறியிருக்கு, ஆனா கோட்டோட குணம் அதேதான். நீரு கோட்டைத் தாண்டுனது வெறும் நாப்பது யூனிட்டு. அதுக்காவ சூரியனை வெலைக்குக் கேக்கீரு.

வாரும், லேப்டாப்பை மூடிட்டு என்கூட வீட்டைச் சுத்தி வாரும். அண்ணாந்து பாரும். என்னது? ஃபேன். எத்தனை? ஆறு. உம்ம அப்பா கல்யாணத்துக்கு வந்த சீர் ரெண்டு, மிச்சம் கிரகப்பிரவேசத்துக்கு வந்தது. ஒவ்வொண்ணும் 75 வாட்டு. ரெகுலேட்டரைக் கொறச்சு வச்சாலும் பழைய பெட்டி ரெகுலேட்டரா இருந்தா அது மிச்சத்தைச் சூடாக்கி ஊதித் தள்ளும், தொட்டுப் பாரும். ஆறும் ஒரு நாளைக்குப் பன்னெண்டு மணி நேரம் சுத்துனா அஞ்சரை யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட ஆவுது. இப்ப கடையில பி.எல்.டி.சி.ன்னு ஒரு ஃபேன் விக்கான், ரிமோட்டு வச்சது. 30 வாட்டு. காத்து அதே காத்து. ஆறையும் மாத்துனீருன்னா தெனமும் மூணு யூனிட்டுக்கு மேல மிச்சம், ரெண்டு மாசத்துக்குப் போட்டுப் பாரும், 190 யூனிட்டு வரும். இப்ப அந்தப் பக்கம் வாரும்: ஒரு கிலோவாட்டு பேனல் நம்மூர் வெயிலுக்குச் சராசரியா ஒரு நாளைக்கு நாலு யூனிட்டு குடுக்கும், ரெண்டு மாசத்துக்கு 240. ஆறு ஃபேனும் சேந்து முக்கா கிலோவாட்டு பேனல், மருமவனே! மாடியேற வேண்டாம், மனுப் போட வேண்டாம், மயிலு எச்சம் தொடைக்க வேண்டாம். ஆனா ஒரு கொறை உண்டு, அதை ஒத்துக்கிடுதேன். ஃபேனை மாத்துனா ரோட்டுல போறவனுக்குத் தெரியாது. பேனலு போட்டா தெரியும்.

குளியலறைக்குள்ள எட்டிப் பாத்தேன். கீசர். எய்யா, பங்குனி மாசம் மத்தியானம் நம்ம மாடித் தொட்டியில இருந்து வர்ற தண்ணியில கை வச்சுப் பாத்திருக்கீரா? கருப்புத் தொட்டி, இரும்புக் கொழாய். முட்டையை உள்ள போட்டா அரை வேக்காடு ஆயிரும். அந்தத் தண்ணி சூடு தாங்காம ராத்திரியில வாளியில புடிச்சு ஆற வச்சுக் குளிக்காக ஊர்ல. நீரு காலையில ரெண்டு கிலோவாட்டு கீசரைப் போட்டுட்டு செல்லை நோண்டிக்கிட்டு நிக்கீரு. அரை மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டு. சாயந்தரம் அஞ்சு மணிக்குக் குளிச்சா சூரியனே வெந்நி போட்டு வச்சிருப்பான். ஆனா ஆபீஸ் நேரம்பீரு. சட்டைக்கு மேலதான தெரியுது, குளிச்சது குளிக்காதது அவனுக்கு எங்க தெரியப் போவுது.

பிரிட்ஜு உம்ம அம்மா காலத்துது, அதைப் பத்தி வாயைத் தொறந்தா எங்க அக்கா என்னைச் சும்மா விட மாட்டா. ஒரே ஒரு காரியம் பண்ணும். கதவு இடுக்குல ஒரு தாளை வச்சு மூடிட்டு இழுத்துப் பாரும். பிசிறில்லாம உருவிக்கிட்டு வந்தா ரப்பர் போச்சுன்னு அர்த்தம். ரப்பர் மட்டும் மாத்துனா அக்காவுக்கும் மனசு நோவாது.

சரி, இதெல்லாம் பண்ணுன பொறவும் சோலார் வேணுமா? தாராளமாப் போடும். நான் ஒண்ணும் சூரியனுக்கு எதிரி இல்ல. பகல்ல வீட்டுல இருந்து ஏசி போடுற ஆளுக்குத்தான் அது பொருத்தம், ஏசி கேக்குற நேரமும் வெயிலு குடுக்குற நேரமும் ஒண்ணு. ஆனா அஞ்சு எதுக்கு? மத்திய சர்க்காரு மானியம் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, ரெண்டுக்கு 60,000, மூணுக்கு 78,000. மூணுக்கு மேல முப்பது போட்டாலும் அதே 78,000தான். 2024 பிப்ரவரியில வந்த திட்டம். பேனலும் இந்தியாவுல செஞ்சதா இருந்தாத்தான் அந்தக் காசு. சோலார்க்காரன் அஞ்சுன்னு சொல்லுதது உம்ம தேவையைப் பாத்தா, அவன் கமிசனைப் பாத்தான்னு ஒரு தடவ அவன்கிட்டயே கேளும். சிரிப்பான்.

இன்னொண்ணு அவன் சொல்லியிருக்க மாட்டான். பேட்டரி இல்லாம ஈபி லைனோட சேத்துப் போட்ட சோலார், கரண்டு போச்சுன்னா அதும் போயிரும். உச்சி வெயிலு, மாடி பூரா பேனலு, வீட்டுக்குள்ள இருட்டு. திகைக்காதீரும், அது பழுது இல்ல, அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கான். ஏன்னா, அங்கன லைன்மேன் ஃபீஸைப் புடுங்கிட்டுப் போஸ்ட்ல ஏறி நிப்பான். உம்ம மாடியில இருந்து கரண்டு லைனுக்குள்ள பின்னால ஏறுச்சுன்னா அவன் கதி என்ன? அதனால லைன் செத்தா இன்வெர்ட்டர் தன்னால வாயை மூடிக்கிடும். இது தெரியாம ரெண்டு தெரு தள்ளி ஒருத்தர் பேனலைப் போட்டுட்டு மொத கரண்டு கட்டுல சோலார்க்காரனுக்குப் போன் போட்டுக் கத்துன கத்து எங்க திண்ணை வரைக்கும் கேட்டுச்சு. கட்டு நேரத்துக்குன்னே பேட்டரி வேணும்னா வாங்கும். ஆனா அது தனிச் செலவு, வயசாவுற சாமான்.

வெயிலு கூடுனா கரண்டும் கூடும்னு நெனைச்சுக்கிட்டு இருக்கீருல்லா? அங்கதான் சூரியனே உம்மளை ஏமாத்துதான். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்ல. அட்டையில போட்டிருக்க வாட்டு 25 டிகிரியில அளந்தது. நம்மூர் சித்திரையில பேனலோட முதுகு 60ஐத் தொட்டுரும். ஒரு டிகிரி கூடுனா நூத்துக்கு 0.3, 0.4 பங்கு கொறையும். மொத்தமாப் பாத்தா எட்டுல ஒரு பங்கு காணாமப் போவும். மாடித் தரையோட ஒட்டிப் படுக்க வச்சா இன்னும் மோசம். அடியில காத்து ஓட எடம் விட்டு ஒசரமா சட்டம் அடிச்சு வைக்கணும். இதை ஞாபகம் வச்சுக்கிடும், பின்னால வேலை இருக்கு.

வாஸ்துக்காரரையும் கூட்டியாந்தீராமே. கன்னி மூலை ஒசரமா இருக்கணும், ஈசானியம் தாழ்வா இருக்கணும்னாராம். பேனலு தெக்கே பாத்துச் சாய்ஞ்சு நிக்கணும், வடக்கு ஒசரம், தெக்கு தாழ்வு. மனுசன் மூஞ்சி செத்துப் போச்சாம். நம்ம ஊரு எட்டரை ஒம்பது டிகிரியில இருக்கு, சாய்வு பத்து டிகிரி இருந்தாப் போதும், மழை பெஞ்சா தூசி வழிஞ்சு போவும். சித்திரை பொறந்ததுலேருந்து ஆவணி பாதி வரைக்கும் நடுப்பகல் சூரியன் நம்ம தலைக்கு வடக்கதான் போறான். அவனும் வாஸ்து படிக்கல.

அடுத்தது அந்த வேப்பமரம். மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல அதோட நெழலு மாடியில பாதியை மூடும். ஒரு பேனலு மேல நெழலு விழுந்தா அந்த ஒண்ணு மட்டும் படுக்காது, வரிசையாக் கோத்திருக்கதுனால மத்ததையும் கீழ இழுக்கும். அதனால மரத்தை வெட்டணும்னு சோலார்க்காரன் சொல்லுதான். மேக்கு வெயிலை மறைச்சு உம்ம ரூமை இம்புட்டு வருசமாக் குளிர வச்சது அந்த மரம். அதை வெட்டிட்டு, கூடுற சூட்டுக்கு ஏசியை 16ல வச்சு, அந்த ஏசிக்குப் பேனலு போட்டு... மேல சொல்ல எனக்கே மூச்சு முட்டுது.

தொடைக்க ஆளு யாரு? கமுதியில 2016ல 648 மெகாவாட்டுல ஒரு சோலார் காடு போட்டான், 2,500 ஏக்கர்ல. உலகத்துலயே ஒரே எடத்துல பெருசுன்னு அப்பச் சொன்னாக. அங்க பேனலைத் தொடைக்க ரோபோ ஓடுது. இங்கன காக்காயும் மயிலும் போறதைத் தொடைக்க எந்த ரோபோ வரும்? உமக்கு முட்டி வலி, அக்காவுக்கு மாடிப்படி ஆவாது. போர் தண்ணியை ஊத்திக் கழுவுனா உப்புப் பூத்து வெள்ளையடிச்ச மாதிரி ஆயிரும், உச்சி வெயில்ல பச்சத் தண்ணி ஊத்துனா கண்ணாடிக்கு ஆவாது. விடிகாலையில ஏறி நல்ல தண்ணி ஊத்தி மெதுவா இழுத்து விடணும். விடிகாலைன்னா என்னன்னு தெரியும்லா? நீரு தூங்கப் போறீருல்லா, அதுக்குக் கொஞ்சம் பிந்தி.

அந்தக் குட்டிக் காத்தாடிக்கு வாரேன். சுத்திச் சுத்திக் காத்தாடியாத் தெரியுத ஊர்ல இருந்துக்கிட்டு நம்மளும் ஒண்ணு வச்சா என்னன்னு ஆசை, தப்பில்ல. ஆனா காத்தோட கணக்கு வேற. வேகம் பாதியாக் கொறைஞ்சா கரண்டு பாதியாக் கொறையாது, எட்டுல ஒண்ணா ஆயிரும். அதனாலதான் நூறு மீட்டருக்கு மேல தூணு நட்டு அங்கன கொண்டு போய் றெக்கையைக் கட்டுதான். உம்ம மாடியில காத்து சுவர்ல முட்டி, மரத்துல முட்டி, தண்ணித் தொட்டியில முட்டி நொண்டிக்கிட்டு வரும். அதுல செல்போனுக்குச் சார்ஜ் ஏறும், ஏறாமலும் போவும். றெக்கை எம்புட்டு நல்லாச் செஞ்சாலும் காத்துல இருக்க பலத்துல நூத்துக்கு 59 பங்குக்கு மேல எடுக்க முடியாதுன்னு பெட்ஸ்னு ஒரு செர்மனிக்காரன் நூறு வருசத்துக்கு முந்தியே கணக்குப் போட்டு முடிச்சிட்டான். முழுசா எடுத்துட்டா காத்து அங்கனயே நின்னு போவும், பின்னால வர்ற காத்து எங்க போவும்?

காத்துன்னு பேச்சு வந்துட்டு, கொஞ்சம் பேசிக்கிடுதேன். பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய்னு மேக்கு மலையில மூணு வாசல். வைகாசியிலேருந்து புரட்டாசி வரைக்கும் தென்மேற்குப் பருவம் அந்த வாசல் வழியா நொழைஞ்சு அடிக்கும். மழையை மலையாளத்தான் வாங்கிக்கிடுவான், நமக்கு வெறுங்காத்து. ஆடிக் காத்துல அம்மி பறந்துச்சோ இல்லையோ, நெலத்து வெலை பறந்துச்சு. தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டுல 1986ல மொதக் காத்தாடிகளை நட்டாங்க, பொறவு முப்பந்தல், கயத்தாறு, பல்லடம், உடுமலைன்னு காடாச்சு. பாதி காத்துக்கு நட்டது, மிச்சம் பாதி வருமான வரிக்கு நட்டது. காத்தாடி வாங்குனா மொத வருசமே முழு வெலையையும் தேய்மானம்னு கழிச்சுக்கிடலாம்னு அந்தக் காலத்துல சலுகை இருந்துச்சு. அதனால மில்லு வச்சிருந்தவன்லாம் காத்து மேல திடீர்னு பக்தியாயிட்டான். நம்மாளு புஞ்சையை வந்த வெலைக்குக் குடுத்துட்டு, அதே புஞ்சையில விசில் வச்சுக்கிட்டு வாச்மேன் ஆயிட்டான்.

காத்தாடி மேகத்தை வெரட்டுது, அதனாலதான் மழை இல்லன்னு டீக்கடையில இன்னைக்கும் ஒரு கூட்டம் அடிச்சுச் சொல்லுது. காத்தாடி வாரதுக்கு முன்னால இந்தக் கரிசல்ல மூணு போகம் வெளைஞ்ச மாதிரி! மலைக்குக் கெழக்க மறைவுல கெடக்குற ஊரு இது. றெக்கை சுத்துனாலும் சுத்தாட்டாலும் தென்மேற்கு மழை நம்மளை எட்டிப் பாத்துட்டுத்தான் போவும்.

வேடிக்கை என்னன்னா, ஆடியில காத்து கொட்டோ கொட்டுன்னு கொட்டும்போது காத்தாடியை நிறுத்துன்னு மேலேருந்து உத்தரவு வரும். லைன் தாங்காது, இல்லன்னா அந்நேரத்துக்கு வாங்க ஆளு இருக்காது. நிலக்கரி உலையை அடுப்பு மாதிரி சட்டுன்னு அணைக்கவும் முடியாது. பொறவு ஐப்பசியில கரண்டு வேணும்பான், அப்பக் காத்து இருக்காது. தமிழ்நாட்டுல 10,000 மெகாவாட்டுக்கு மேல காத்தாடி நிக்குது. ரொம்ப காலம் நாமதான் நாட்டுல மொதல், இப்ப குசராத்துக்காரன் முந்திட்டான். இதுல இன்னொரு கூத்து, நல்ல காத்து வர்ற எடத்துலயெல்லாம் மொத மொதல்ல நட்ட பழைய 225, 250 கிலோவாட்டு குட்டிக் காத்தாடிக நிக்குதுக. கல்யாணப் பந்தியில பல்லு இல்லாத கெழவங்க மொத வரிசையில உக்காந்துட்டா, வாலிபப் பயலுக எலையைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நிக்க வேண்டியதுதான? ரெண்டு, மூணு மெகாவாட்டு புதுசு நட எடம் இல்ல. பழசைப் புடுங்கிட்டுப் புதுசு நடணும்னு சர்க்காரு இப்பத்தான் கொள்கை எழுதியிருக்கு.

காத்தாடி வேணும்னா ஓடந்துறைக்காரன் மாதிரி வாங்கணும். மேட்டுப்பாளையம் பக்கத்துல ஒரு சின்னப் பஞ்சாயத்து. 2006லயே கடன் வாங்கி 350 கிலோவாட்டுல சொந்தமா ஒண்ணு வாங்குச்சு. அதும் எங்க? அவங்க ஊர்ல இல்ல, உடுமலைப் பக்கம் காத்து இருக்க எடமாப் பாத்து. கரண்டை ஈபிக்குக் குடுத்து, தன் செலவு போக மிச்சத்தை வித்துக் கடனை அடைச்சான். நம்ம பஞ்சாயத்துல தெருவிளக்கு பகல்ல எரியுதேன்னு நான் மனுக் குடுத்தேன். இப்ப ராத்திரியும் எரியல.

என்ன மருமவனே, சிரிப்பு? என் தோட்டத்து மோட்டாரைப் பத்திக் கேக்கப் போறீரா? அதைப் பேசக் கூடாது. 1990லேருந்து வெவசாயிக்கு எல்லாருக்கும் ஓசிக் கரண்டு, மீட்டரும் கெடையாது. அஞ்சு குதிரை மோட்டாரு ஓடுனாலும் ஒண்ணுதான், பத்து ஓடுனாலும் ஒண்ணுதான். நாலு தடவ காயில் கட்டுன மோட்டாரு, கரண்டைக் குடிக்குமே தவிரத் தண்ணியைத் தள்ளாது. புட்வால்வு ஒழுகுதுன்னு எனக்கும் தெரியும். மாத்தணும்னு நெனைச்சேன், மாத்துனா எனக்கு என்ன மிச்சம்னு நெனைச்சேன், நெனைச்சுக்கிட்டே இருக்கேன். நாங்க கேணியில பாத்த தண்ணியை இப்ப ஆயிரம் அடியில போர் போட்டுத் தேடுதாங்க. நீரு உம்ம ஃபேனைப் பாரும்.

இப்ப வேலைக்கு வருவோம். மூணு கிலோவாட்டு போதும், மொட்டமாடி வேண்டாம், வேப்பமரமும் நிக்கட்டும். அப்ப எங்க வைக்கன்னு கேட்டீருன்னா, காம்பவுண்டுக்குள்ள தெக்குப் பக்கம் ஒரு தொழு இருக்குல்லா, நான் ஆடு கட்டியிருக்க எடம். நெழலு விழாது, தெக்கே திறப்பு, கைக்கு எட்டுற ஒசரம். ஏணி இல்லாம அக்காவே தொடைச்சுக்கிடுவா. மூணு கிலோவாட்டுக்கு முந்நூறு சதுர அடி வேணும், தொழு கச்சிதமா அம்புட்டு இருக்கு, அளந்து பாத்துட்டேன். நாலு பக்கமும் தொறந்து கெடக்கதுனால பேனலுக்கு அடியில காத்து ஓடும், சூடு ஏறாது. நாஞ் சொன்னேன்லா ஞாபகம் வச்சுக்கிடும்னு. ஆடுகளுக்கும் நெழலாச்சு. அந்தக் கூரை போன ஐப்பசியிலேருந்து ஒழுகுதுன்னு உம்மகிட்ட நான் சொல்லாத நாளில்ல, நீரும் பாப்போம் பாப்போம்னு சொல்லாத நாளில்ல. பேனலுக்கும் பேனலுக்கும் நடுவுல சந்து இருக்கும், அது வழியா மழை எறங்கும். அதனால கீழ ஒரு தகரம் போட்டுரச் சொல்லி நேத்து ராத்திரியே சோலார்க்காரன்கிட்டப் பேசிட்டேன். தகரத்துக்கு மானியம் கெடையாதாம், உம்ம கணக்குல எழுதிக்கிடுதேன்னுட்டான்.